அத்தையை இஸ்தோப்பு வரைக்கும் நடக்க வையுங்கள்

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. காலமெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். லயத்து வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, கண்டியில் ஒபரேஷன் செய்தார்கள். துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கால் ஊன்றி நடக்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வோக்கரும் வாங்கிவிட்டோம். ஆனால் எழுப்பினாலே அழுகிறார். "வயசானவங்களை வதைக்காதே, படுத்து இருக்கட்டும்" என்கிறார் கணவர். நானோ காலையில் மலைக்குப் போக வேண்டியவள். என்ன செய்வது?
- தலவாக்கலை வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கணவர் பெற்ற தாய்மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். என் அம்மாயியையும் நாங்கள் "பாவம், கிடக்கட்டும்" என்றுதான் விட்டு வைத்தோம். ஒருநாள் கம்பளியை விலக்கினால் குதிகாலில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குக் கறுத்த புண். அது ஆறுவதற்குள் முழங்கால் மடங்காமலே இறுகிவிட்டது. அம்மாயி பிறகு நடக்கவே இல்லை.

திடமாக இருந்த முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. உங்கள் அத்தை ஒபரேஷன் முடிந்தவர், மூன்று வாரமாகப் படுத்திருக்கிறார். எழும்ப முடியாததற்கு வலி மட்டும் காரணமல்ல, கால்களில் பலம் குறைந்துவிட்டது.

முதலில் வலியைப் பாருங்கள். வார்டில் எழுதித் தந்த வலி மாத்திரையை, சொன்ன அளவு மீறாமல், எழுப்புவதற்கு அரை மணித்தியாலம் முன் கொடுங்கள். ஒபரேஷன் செய்த இடத்தில் எண்ணெய் போட்டு உருவ யாரையும் விடவேண்டாம்.

அடுத்தது வோக்கரின் உயரம். அத்தை நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டுக்கு நேராக வரவேண்டும். கடையில் தந்தபடியே வைத்திருந்தால் கூனிக்கொண்டுதான் நடப்பார், பயமும் கூடும். கால்களில் உள்ள பொத்தானை அமுக்கிச் சரிசெய்யலாம். முதலில் வோக்கர், பிறகு நோகும் கால், பிறகு நல்ல கால். வாசல் நிலைப்படியில் வோக்கர் தட்டும், அங்கே மட்டும் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

நீங்கள் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் போகுமுன் ஒருதரம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒருதரம், அந்தியில் ஒருதரம். காம்பராவிலிருந்து (அறையிலிருந்து) இஸ்தோப்பு, அதாவது முன் விறாந்தை, வரை போதும். சாயத்தண்ணியைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள், இஸ்தோப்பில் கதிரை போட்டு அங்கே கொடுங்கள். போகிற வருகிற ஆட்களோடு கதைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் உட்கார்ந்திருப்பார். இப்போதைக்கு அதுதான் அவருக்குப் பெரிய மருந்து. படுத்திருக்கும் நேரத்திலும் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

எனக்கு அதிகம் கவலை கக்கூஸ்தான். லயத்தில் அது வெளியே, படி இறங்கி, குந்தி இருக்கிற மாதிரி. இந்த நிலைமையில் குந்தவே கூடாது, பலகைக்கட்டையில் தாழ உட்காருவதும் கூடாது. கொமட் கதிரை வாங்க முடியாவிட்டால், கை வைத்த பலமான மரக்கதிரையில் துளை போட்டு, கீழே வாளி வைக்கலாம். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இரவில் லைட்டை அணைக்காதீர்கள். கழன்று விழுகிற றப்பர் செருப்பையும் மாற்றுங்கள்.

ரொட்டியும் சம்பலும் மட்டும் தசையை வளர்க்காது. தினமும் முட்டை, பருப்பு, நெத்திலி ஏதாவது சேரவேண்டும்.

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, விழுந்து கால் ஊன்றவே முடியாமல் போனாலோ 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஒபரேஷன் செய்த புண் சிவந்து நீர் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கிளினிக் போகும்போது துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டைக் கட்டாயம் கொண்டுபோய் மூன்று கேள்வி கேளுங்கள். கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யக் கடிதம் தருவீர்களா? முன்னேற்றம் இல்லையென்றால் திகன புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்பலாமா? எலும்பு பலப்பட மருந்து தேவையா? கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள், அந்த நெரிசலில் மறந்துபோகும்.