ஜூன் முன்பணம் மார்ச் கணக்கில் விழுவது ஏன்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் மீன், நண்டு வாங்கும் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த லேப்டாப். எக்செலில் ஜூன் 3-ஆம் தேதி படகுக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தை 03/06 என்று அடித்தால் மார்ச் மாதத்தில் போய்ச் சேர்கிறது. 15/04, 14/06 போன்ற தேதிகள் எந்த மாதத்திலும் சேரவில்லை. ஒன்றேகால் லட்சம் 125,000 என்று வருகிறது. சர்வீஸ் கடையில், "இது வெளிநாட்டு விண்டோஸ், ஃபார்மட் பண்ணி நம்மூர் விண்டோஸ் போடணும், 2,500 ரூபாய்" என்கிறார்கள். போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். நம்மூர் விண்டோஸ், வெளிநாட்டு விண்டோஸ் என்று தனித்தனியாக எதுவும் இல்லை. உங்கள் லேப்டாப்பில் தேதி எழுதும் முறை அமெரிக்க வழக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. 03/06 அதற்கு மார்ச் 6. 15/04 என்றால் பதினைந்தாவது மாதம் ஏது? அதனால் அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. இரண்டும் உங்கள் மாதக் கூட்டலில் வராததற்கு இதுதான் காரணம்.

மாற்றுவது எளிது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன். அங்கே ரீஜனல் ஃபார்மட் என்ற இடத்தில் இங்கிலீஷ் இந்தியா என்பதைத் தேர்ந்தெடுங்கள். எக்செலை மூடித் திறந்தால் லட்சத்துக்கும் நம் முறைப்படி 1,25,000 என்று கமா விழும். மெனுக்கள் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பது வேறு செட்டிங், அதைத் தொடவே வேண்டாம்.

அந்த 2,500 ரூபாய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரை முழுக்க வளைகுடாவிலிருந்து வந்த லேப்டாப்புகள்தான். எந்தக் கோளாறு என்றாலும் சில கடைகளில் ஒரே மருந்து: ஃபார்மட். கணக்கு ஃபைல் போய்விடும். லேப்டாப்போடு வந்த அசல் விண்டோஸுக்குப் பதிலாகத் திருட்டு விண்டோஸ் ஏறினாலும் உங்களுக்குத் தெரியாது. அதைவிட வேடிக்கை, புதிதாக விண்டோஸ் போடும்போது முதல் திரையிலேயே தேதி, நாணய முறை எது என்று கேட்கும். பெரும்பாலும் அங்கே அமெரிக்காதான் முன்கூட்டியே தேர்வாகி நிற்கும். கடைக்காரர் அதைப் படிக்காமல் நெக்ஸ்ட் தட்டினால், காசு கொடுத்து அதே கோளாறைத் திரும்ப வாங்கி வருவீர்கள். "இது சிங்கிள் லாங்குவேஜ் விண்டோஸ், மாற்ற முடியாது" என்றும் சொல்வார்கள். அந்தக் கட்டுப்பாடு மெனு மொழிக்குத்தான், தேதி முறைக்கு இல்லை. தமிழ் மெனு போட்டுத் தருகிறேன் என்று தனியாகக் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் அதை இலவசமாகவே தருகிறது.

இத்தனை கோடி பேர் தேதியில் நாள் எண்ணை முதலில் எழுதும்போது, மாதத்தை முதலில் வைத்தே லேப்டாப்புகளை ஏன் அனுப்புகிறார்கள் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டு அலுத்துவிட்டேன்.

சரி, இனி அடிக்கும் தேதிகள் சரியாக விழும். ஏற்கெனவே அடித்தவைதான் தலைவலி. செட்டிங்கை மாற்றியதும், வருடத்தோடு 03/06 என்று நீங்கள் அடித்தது 06-03 என்று தெரியும். "ஐயோ, மாற்றினதும் கெட்டுப்போச்சு" என்று பழையபடி திருப்பிவிடாதீர்கள். அது அடித்த அன்றைக்கே மார்ச் 6 என்றுதான் உள்ளே பதிவானது. இதுவரை நீங்கள் அடித்த வரிசையிலேயே தெரிந்ததால் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றியது, இப்போது தவறு வெளியே தெரிகிறது. 04/04, 05/05 போல நாளும் மாதமும் ஒன்றாக உள்ளவை மட்டும் எப்படியும் தப்பிக்கும்.

முதலில் ஃபைலை ஒரு நகல் எடுத்து வையுங்கள். புது வரி எதுவும் அடிப்பதற்கு முன்பே, முழு அட்டவணையையும் சேர்த்துத் தேதிவாரியாக வரிசைப்படுத்துங்கள். தேதிப் பத்தியை மட்டும் பிடித்து வரிசைப்படுத்தினால் ஒருவர் முன்பணத்தின் தேதி இன்னொருவர் வரியில் ஏறிவிடும். தேதியாகப் பதிவானவை மேலேயும், எழுத்தாக நின்றவை கீழேயும் வந்து சேரும். கீழே உள்ளவற்றில் ஒவ்வொரு செல்லாக இரட்டைக் கிளிக் செய்து என்டர் தட்டினால் போதும், புது செட்டிங்கில் தேதியாகிவிடும். மேலே உள்ளவற்றுக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பத்தியில் டேட் ஃபார்முலா போடுங்கள். அதற்குள் முதலில் இயர், அடுத்து டே, கடைசியில் மந்த் என்று கொடுங்கள்; தேதி A2 செல்லில் இருந்தால் =DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)). நாளும் மாதமும் வேண்டுமென்றே இடம் மாறி இருக்க வேண்டும். வந்த விடையைக் காப்பி செய்து, வேல்யூஸ் மட்டும் பேஸ்ட் என்ற வகையில் பழைய பத்தியில் ஒட்டுங்கள். இதை ஒரே தடவைதான் செய்ய வேண்டும், இரண்டாவது முறை செய்தால் மறுபடி புரண்டுவிடும். இதெல்லாம் குழப்பமாக இருந்தால், இரண்டு மூன்று மாதக் கணக்குதான் என்றால், சிட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதிகளை மட்டும் திரும்ப அடித்துவிடுங்கள்.

அப்புறம், கடிகாரம் துபாய் நேரத்திலேயே இருந்தால் ஒன்றரை மணி நேரம் பின்னால் காட்டும். அதே டைம் அண்ட் லாங்குவேஜ் பக்கத்தில் டைம் சோனைத் தனியாக மாற்ற வேண்டும், ரீஜனல் ஃபார்மட் அதைத் தொடாது.