‘பொனான்சா’ கடைசி சீசன் ஏன் பாதியிலேயே நின்றது?

ஒரே வரியில் சொன்னால், ஹாஸ் என்ற பாத்திரம் இல்லாமல் போனதுதான். ஆனால் அது மட்டுமே காரணமில்லை.

1959-ல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய இந்த கௌபாய் தொடரில், பென் கார்ட்ரைட்டின் நடு மகன் ஹாஸாக வந்தவர் டான் பிளாக்கர். மலை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரி மனசு. 1972 மே மாதம், பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏற்பட்ட சிக்கலில் இறந்துவிட்டார். வயது 43தான். மூத்த மகன் ஆடமாக நடித்த பெர்னெல் ராபர்ட்ஸ் 1965-லேயே விலகியபோதும் தொடர் தாக்குப்பிடித்தது. இந்த இழப்பை அதனால் தாங்க முடியவில்லை.

கடைசி சீசனான 14-வது சீசனின் முதல் கதை, ஹாஸுக்குக் கல்யாணம் ஆவதாகத்தான் எழுதப்பட்டது. மைக்கேல் லாண்டன் அதைத் தன் பாத்திரமான கடைசி மகன் ஜோவுக்கு மாற்றி எழுதி, இயக்கவும் செய்தார். கர்ப்பிணி மனைவி கொல்லப்பட்டு, வீடும் எரிந்துபோக, ஜோ உடைந்து அழுவான். அந்த அழுகையில் பாதி நடிப்பில்லை என்றே எனக்குத் தோன்றும்.

இதற்கிடையில், வருஷக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை இரவில் வந்த தொடரை செவ்வாய்க்கு மாற்றினார்கள். என்னைக் கேட்டால், இதுதான் பெரிய தப்பு. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த பழக்கம் அறுந்துபோனது. நடிகர் டிம் மாதிசனைப் புதிதாகக் கொண்டுவந்ததும், முன்பு இதில் நடித்த டேவிட் கேனரியைத் திரும்ப அழைத்ததும் பலிக்கவில்லை.

16 எபிசோடுகளோடு, 1973 ஜனவரி 16-ல் முடிந்தது. கடைசிக் கதையில் மனநிலை பிறழ்ந்த ஒரு ராணுவ வீரன், வேட்டை மிருகம் போல ஜோவைத் துரத்துகிறான். பிரியாவிடைக் காட்சி எதுவும் கிடையாது.