எல்லை கடந்த விதையால் யாருக்கு ஆதாயம்?

கேள்வி: பத்தலகொடையில் எங்களுக்கென்றே ஒரு நெல் ஆராய்ச்சி நிறுவகம் இருக்கையில், பிலிப்பைன்ஸில் நடக்கும் சர்வதேச ஆராய்ச்சியால் இலங்கைக்கு, அதுவும் வயலே இல்லாத கொழும்பில் அரிசி வாங்கி உண்பவர்களுக்கு, என்ன ஆதாயம்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: பத்தலகொடையின் புகழ்பெற்ற எச். 4 இனமே உள்ளூர் முருங்கக்காயனையும் இந்தோனேசியாவின் மாஸ் இனத்தையும் கலந்து பிறந்ததுதான். பிலிப்பைன்ஸின் லொஸ் பானியோஸில் 1960இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம், இந்தோனேசியாவின் பேட்டாவைத் தாய்வானின் குட்டை நெல்லுடன் இணைத்து 1966இல் ஐ.ஆர். 8 இனத்தை வெளியிட்டது. தண்டு குட்டையானதால், பசளை கூடினாலும் பயிர் சாயாமல் கதிரைத் தாங்கி நின்றது. அந்தக் குட்டைத் தன்மை எமது நெல் இன உருவாக்கத்திலும் புகுந்தது. இங்கு உருவான பி.ஜி. 90-2 பின்னர் ஆபிரிக்காவின் மாலி நாட்டு நீர்ப்பாசன வயல்கள்வரை சென்றது. எமது பாரம்பரிய நெல் இனமான ரத்து ஹீனெட்டியோ, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான கபில நிறத் தத்தியைத் தாங்கும் ஆற்றலை லொஸ் பானியோஸின் இனங்களுக்கு வழங்கியது. ஆகவே இதில் நாம் பெற்றவர்கள் மட்டுமல்லர், கொடுத்தவர்களும்கூட.

கொழும்புக்குரிய ஆதாயம் விலையில் இருக்கிறது. ஏக்கருக்கு விளைச்சல் கூடினால் ஒரு கிலோ நெல்லின் உற்பத்திச் செலவு குறையும். சந்தையில் நெல் பெருகும்போது விலையும் தணியும். வருமானத்தில் பெரும்பங்கை உணவுக்கே செலவிடும் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் நாட்கூலிக் குடும்பங்களுக்கே இந்த ஆதாயம் அதிகம். பிற நாடுகளிலும் விளைச்சல் உயர்ந்திருந்தால், மழை பொய்த்த ஆண்டில் நாம் இறக்குமதி செய்யும் அரிசிக்கும் குறைந்த விலையே கொடுப்போம். ஆயினும், புதிய இனம் ஒத்துவராத நிலத்தை வைத்திருக்கும் விவசாயிக்கு விளைச்சல் கூடாமலே விலை மட்டும் இறங்குகிறது. இந்த இழப்பைப் பேசாமல் ஆதாயத்தை மட்டும் பேசுவது நியாயமன்று.

வெளிநாட்டு ஆராய்ச்சி இருக்கிறதே, உள்ளூர் நிறுவகம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அதை நான் முற்றாக மறுக்கிறேன். ஈர வலயத் தாழ்நில வயல்களில் மிகையான இரும்பு பயிரைப் பாதிக்கும் இரும்பு நஞ்சையும், குளத்தில் எஞ்சியுள்ள நீருக்குள் மூன்று அல்லது மூன்றரை மாதத்தில் விளைந்தாக வேண்டிய சிறுபோகத்தையும் லொஸ் பானியோஸ் எமக்காகத் தீர்த்துத் தராது. அங்கிருந்து வரும் விதையை இங்குள்ள மண்ணில் போகம் போகமாகச் சோதித்து, உள்ளூர் இனத்துடன் கலந்து, விவசாயியின் கையில் சேர்க்க ஆளும் பணமும் வேண்டும். பத்தலகொடைக்கான நிதியைக் குறைத்தால், வெளியிலிருந்து இலவசமாக வரும் விதையையும் நாம் முழுமையாகப் பயன்படுத்த முடியாது.