நிச்சயதார்த்த வைர மோதிரத்தை நியாயமான விலையில் வாங்குவது எப்படி?

1 காரட் (வைரத்தின் எடை அளவு) என்ற முழு எண்ணிலிருந்து கொஞ்சம் இறங்குங்கள், பணம் அங்கேதான் மிச்சமாகும். 1 காரட் வட்டக் கல் சுமார் 6.4 மி.மீ., 0.90 காரட் சுமார் 6.2 மி.மீ. விரலில் வித்தியாசம் தெரியாது. ஆனால் காரட்டுக்கான விலையே குறையும்.

வெட்டில், அதாவது கல்லைப் பட்டை தீட்டிய தரத்தில் மட்டும், 'எக்ஸலண்ட்'டுக்குக் கீழே போகாதீர்கள். ஆழம் தப்பினால் ஒளி அடிப்பக்கமாகக் கசிந்து கல் மங்கிவிடும். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதென்றால் லேசான மஞ்சள் சாயல் உள்ள ஐ, ஜே நிறத் தரமே போதும். தெளிவுக்கு விஎஸ்2 தரம் (குறைகள் பொதுவாக வெறும் கண்ணுக்குத் தெரியாது) தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் காசு லென்ஸுக்குத்தான்!

ஜிஐஏ, ஐஜிஐ போன்ற வைரத் தரச் சோதனைக் கூடங்களின் சான்றிதழ் எண் கல்லின் விளிம்பில் லேசரில் பொறித்திருந்தால், 10 மடங்கு லென்ஸில் பார்த்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். கல்லின் பின்பக்கம் மூடிய கட்டில் குறை மறைந்துவிடும், திறந்த கட்டாகக் கேளுங்கள். பில்லில் கல் எடையை (காரட்டுக்கு 0.2 கிராம்) கழித்த பிறகே தங்கத்துக்கு விலை போட வேண்டும்.