நேரில் பார்க்காமலே உங்களுக்கு ஆசானாக அமைந்தவர் யார்?

எனக்கு வானியற்பியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீட்டு முகப்பில், மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் இருந்த புனே பக்கம் நான் போனதே இல்லை.

1938-இல் கோலாப்பூரில் பிறந்து, காசியில் வளர்ந்தவர். சிறுவயதில் வீட்டில் தங்கிப் படித்த மாமா, கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதி வைத்துவிடுவாராம். விடை கண்டுபிடிக்கும்வரை, அல்லது முடியவில்லை என்று இவர் ஒப்புக்கொள்ளும்வரை அது அழியாது. அதைப் படித்த வாரமே முகப்புச் சுவரில் ஒரு பலகை மாட்ட ஆச்சியிடம் கேட்டேன். "ஆணி மட்டும் பாத்து அடிங்க தம்பி, பழைய சுவரு" என்றார்கள்.

கேம்பிரிட்ஜில் வானியலாளர் பிரெட் ஹாயிலிடம் ஆய்வு செய்து, 1964-இல் இருவருமாக ஒரு புதிய ஈர்ப்புக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். ஒரு பொருளின் நிறை அதற்கு மட்டும் சொந்தமில்லை, பிரபஞ்சத்தின் மற்ற எல்லாப் பொருள்களாலும் வருவது என்பது அதன் சாரம். 1972-இல் இந்தியா திரும்பினார். புனேயில் ஐயூக்கா என்ற வானியல் ஆய்வு மையத்தை உருவாக்கி, 2003 வரை இயக்குநராக இருந்தார்.

பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்கிற பெருவெடிப்புக் கொள்கையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. அந்த வெடிப்பின் மிச்சமாக வானமெங்கும் பரவியிருக்கிற நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு 1965-இல் தெரியவந்த பிறகு பெரும்பாலோர் பெருவெடிப்பின் பக்கம் போய்விட்டார்கள். சான்றுகளைப் பார்த்தால் நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் தன் கட்சியில்தான் மாணவர்களும் நிற்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற தாணு பத்மநாபன் தனக்கென்று வேறு வழி போட்டுக்கொண்டு உலகப் பெயர் எடுத்தார். அந்த மாணவர் 2021-இல் ஆசிரியருக்கு முன்பே போய்ச் சேர்ந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. நார்லிகர் 2025 மே மாதம் மறைந்தார்.

என்னைப் பிடித்து உலுக்கியது அவருடைய அஞ்சலட்டைப் பழக்கம். கையெழுத்துக் கேட்டு வரும் பிள்ளைகளிடம், "ஒரு கேள்வியை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பு, பதில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன்" என்பாராம். சரி, நாமும் செய்வோம் என்று ஐம்பது காசு அட்டைகளை வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். வாயால் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள்தான் நிறைய எழுதுகிறார்கள்.

போன மாதம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: "இத்தனை நட்சத்திரம் இருந்தும் ராத்திரி ஏன் இருட்டா இருக்கு சார்?" வானியலில் அது பெரிய கேள்வி. எல்லையில்லாத, என்றைக்கும் இருக்கிற பிரபஞ்சம் என்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு நட்சத்திரத்தில் கண் முட்ட வேண்டும், வானமே தகதகக்க வேண்டும். இருபுறமும் எழுதினேன். பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 1380 கோடி ஆண்டுதான், வந்து சேர அதைவிட அதிக காலம் பிடிக்கிற ஒளி இன்னும் நம்மை எட்டவில்லை என்ற பெரும்பாலோர் பதிலை முதலில். பிரபஞ்சம் என்றைக்கும் இருந்தாலும், வெளி விரிவதால் தொலைதூர ஒளி மங்கிப்போகிறது என்று நார்லிகர் தரப்பு சொன்ன பதிலை அதற்குக் கீழே.

அடுத்த நாளே இன்னோர் அட்டை வந்தது: "அப்போ ரெண்டுல எது சரின்னு எப்படி சார் சோதிக்கிறது?" அந்தக் கேள்வி இப்போது கரும்பலகையில் இருக்கிறது.