வெள்ளை பூசிய கல் வீடு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மகள் குடும்பத்தோடு வட இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதிக்குப் போயிருந்தேன். ட்ரவுட்பெக் கிராமத்தில் டவுன்எண்ட் என்னும் பழைய பண்ணைவீட்டைப் பார்த்தோம். எதிரிலுள்ள தொழுவம் கல் தெரிய அழகாக நிற்கிறது. வீட்டுக்கு மட்டும் வெள்ளை பூசிக் கல்லை மறைத்திருக்கிறார்கள். அந்தப் பூச்சை உரித்துவிட்டால் வீடு தன் உண்மையான தோற்றத்துக்குத் திரும்பாதா?

ம.

அன்புள்ள ம.,

உரித்தால் அந்த வீடு நோயில் விழும். உங்களைப் போலவே எனக்கும் கல்லின் மீது ஆசை உண்டு; ஆனால் அந்தச் சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொண்ட பிறகு, சுண்ணாம்புப் பூச்சையும் சுவரின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன்.

அந்த வட்டாரத்து வீடுகளில் செதுக்கிய கல் குறைவு. நிலத்திலும் மலைச்சரிவிலும் கிடைத்த கரடுமுரடான கற்களை உள்முகம், வெளிமுகம் என இரண்டாக அடுக்கி, நடுவில் சில்லுக்கற்களை இட்டு நிரப்பி, இரு முகங்களையும் பிணைக்க ஆங்காங்கே நீளக்கற்களைக் குறுக்கே வைத்து, இரண்டு மூன்று அடி கனத்துக்கு எழுப்புவார்கள். கல்லுக்குள் நீர் எளிதில் இறங்காது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்துகளில்தான் இறங்கும். இங்கிலாந்தில் மக்கள் வாழும் ஊர்களிலேயே மிக அதிக மழை பெறும் சீத்வெயிட் அதே மலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் பெய்கிறது. காற்றோடு சாய்ந்து அடிக்கும் அந்த மழையில் சுண்ணாம்புக் காரை கொஞ்சம் நீரைக் குடித்து, வெயிலும் காற்றும் வந்ததும் அதை வெளியே விட்டுவிடுகிறது. சுவர் நனைவதும் காய்வதும் அந்த மேல்தோலிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. 1666 என்று ஆண்டு பொறித்த எதிரிலுள்ள தொழுவத்தில் கீழே மாடுகளும் மேலே வைக்கோலும் இருந்தன. அங்கே காற்று புகுவது நல்லது, மனிதர் உறங்குவதும் இல்லை. அதனால் கல் வெறுமனே விடப்பட்டது.

கூரையையும் கவனித்திருப்பீர்கள். இறவாரத்தில் பெரிய பலகைக்கற்கள், மேலே போகப்போகச் சிறியவை, முகட்டருகே கைப்பிடி அளவு. மழைநீர் திரண்டு ஓடுவது கீழ்ப்பகுதியில்தான் என்பதால் அங்கே இணைப்புகள் குறைவாக இருக்க வேண்டும். கனமான கல்லின் பாரமும் சுவரின்மேல் நேராக இறங்கிவிடும். வெட்டியெடுத்த கல்லில் சிறியதும் வீணாவதில்லை.

இவ்வளவு உறுதியாக ஒரு குடியானவர் வீடு கட்டியதற்குக் காரணம் உண்டு. 1603-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே மன்னரின் கீழ் வந்தபின் எல்லைக் கொள்ளைகள் படிப்படியாக அடங்கின. தலைமுறை வழியாக வந்த நில உரிமையைப் பறிக்க மன்னர் தரப்பு முயன்ற வழக்கில், 1625-இல் குடியானவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. டவுன்எண்ட் வீடு ஏறத்தாழ 1626-இல் எழுந்தது. பேரனுக்கும் நிலம் நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாதவர் மூன்றடிச் சுவர் எழுப்பமாட்டார். அந்த வீட்டுக்குரிய பிரவுன் குடும்பம் 1943 வரை அங்கேயே வாழ்ந்தது. 1948 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பு அதைக் காத்துவருகிறது.

நீங்கள் கேட்ட கேள்வி இங்கிலாந்திலும் பெரிய சண்டையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய தேவாலயங்களின் பூச்சைச் சுரண்டிக் கல்லை வெளிக்காட்டும் மோகம் பரவியபோது, அதை எதிர்த்துக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்.

நான் சில நாள் தங்கிய பக்கத்துக் கிராமத்து வீடு ஒன்றில், முன்பிருந்தவர்கள் பூச்சை உரித்து, கல்லின் இடுக்குகளைச் சிமென்டால் அடைத்திருந்தார்கள். வெளியே படம் பிடிக்கத் தோன்றும். உள்ளே, கட்டிலுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஓதம் ஏறி, சுவரில் விரல் வைத்தால் ஈரமாவு போல உதிர்ந்தது. சிமென்டில் விழுந்த மயிரிழை விரிசல்களின் வழியே நீர் உள்ளே போயிருக்கிறது. திரும்பி வரச் சிமென்ட் விடவில்லை. நான் கிளம்பிய அன்று ஒரு கொத்தனார் சாரத்தில் அமர்ந்து, சிற்றுளியால் ஒவ்வொரு இடுக்கிலும் சிமென்டைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார். கீழே ஈரச்சாக்கு மூடிய தொட்டியில் சுண்ணாம்புச் சாந்து காத்திருந்தது.