மேமாவின் பாட்டும் 43 கேசட்டும்

கேள்வி: நான் மதுரைப் பக்கம். 12 வருடமாக அமெரிக்காவில், வர்ஜீனியாவில் வசிக்கிறேன். கணவரின் சொந்த ஊர் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், அப்பலாச்சிய மலைக்குள் இருக்கிறது. அவர்களுடையது பாட்டுக் குடும்பம். கணவரின் தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பெரிய ஃபிடில்காரர். அவர் இறந்து பல வருடம் ஆகிறது. அவருடைய ஃபிடிலும், அட்டைப்பெட்டியில் 43 கேசட்டுகளும் மாமியார் வீட்டு மச்சில் கிடக்கின்றன. பாட்டிக்கு 87 வயது. அந்தக் காலத்துக் கதைப்பாட்டுகள் நிறையத் தெரியும். பாடச் சொன்னால் ‘குரல் போச்சு’ என்கிறார். கணவரின் தம்பி எல்லாவற்றையும் யூட்யூபில் போடலாம் என்கிறார். ‘வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும்’ என்கிறார் மாமியார். இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. எனக்கு அந்தச் சங்கீதம் வாசிக்கத் தெரியாது. என் மகள் (10 வயது) ஸூமில் கர்நாடக வாய்ப்பாட்டு கற்கிறாள், அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்த மருமகள் நான் இதில் தலையிடலாமா? எங்கே தொடங்குவது?

— ஒரு வாசகி, வர்ஜீனியா

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கேசட்டுக்கு எண்ணிக்கை இருக்கிறது, பாட்டிக்கு வயது இருக்கிறது. 43ஐ விட எனக்கு 87தான் கவலை தருகிறது. கேசட் இன்னும் ஒரு வருடம் தாங்கும். ஆகவே முதலில் பாட்டி, அப்புறம் பெட்டி.

தலையிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணவரின் ஊருக்குப் பக்கத்திலேயே, வர்ஜீனியாவின் க்ளென் லின் என்ற சின்ன ஊரில், ஹென்றி ரீட் என்று ஒரு ஃபிடில்காரர் இருந்தார். 1966இல் ஆலன் ஜபூர் என்ற இளைஞர் டேப் ரெக்கார்டரோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஜபூர் மலைக்காரர் இல்லை. ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர், அப்பா வழியில் சிரியா நாட்டு வம்சம், செவ்வியல் வயலின் படித்தவர். ரீடுக்கு அப்போது 80 தாண்டிவிட்டது. 1968இல் இறந்துபோனார். நடுவில் கிடைத்த அந்தக் கொஞ்ச காலத்தில் பதிவானவை இன்று அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அந்த மெட்டுகளை இன்றைக்கும் ஊர் ஊராக வாசிக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. யாரிடம் கற்றீர்கள் என்ற கேள்விக்கு ரீட் சொன்ன பெயர்களில் ஒன்று குவின்ஸ் டில்லியன். 1846இல் தொடங்கிய மெக்சிகோ போரில் படையோடு குழல் வாசித்துப் போன கிழவர். 1884இல் பிறந்த பையன் அவரிடம் கற்று, 1966இல் ஒரு கல்லூரி மாணவனுக்கு வாசித்துக் காட்டுகிறான். நடுவில் இரண்டே ஆள்தான், 120 வருடம் தாண்டியாயிற்று. இந்தத் தகவல் எந்த மெட்டுக்குள்ளும் இல்லை. வெளியாள் ஒருவர் கேட்டதால் வந்தது. வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைக் கேட்கத் தோன்றாது, தெரிந்த கதைதானே என்று விட்டுவிடுவார்கள். உங்களுக்குத் தெரியாது என்பதுதான் உங்கள் தகுதி.

பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் தப்பு பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1916 முதல் 1918 வரை இங்கிலாந்திலிருந்து வந்த செசில் ஷார்ப், மாட் கார்ப்பலிஸ் என்ற உதவியாளரோடு இந்த மலைகளில் அலைந்து 1,600 மெட்டுகளுக்கு மேல் எழுதி எடுத்தார். அவர் ராகத்தை எழுத, சொற்களை இந்த அம்மாள் எழுதினார். மகத்தான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் தேடி வந்தது பழைய ஆங்கிலப் பாட்டுகளை. பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம், தேவாலயப் பாட்டு, கறுப்பினத்தவரின் பாட்டு எல்லாம் அவர் கண்ணில் பெரிதாகப் படவில்லை. கென்டக்கியில் ரிட்சி குடும்பத்துப் பெண்களிடமும் 1917இல் அவர் பாட்டு வாங்கினார். அந்த வீட்டில் 14 பிள்ளைகளில் கடைசியாக 1922இல் பிறந்தவர் ஜீன் ரிட்சி. அவர் 1955இல் தன் குடும்பத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில், ஒவ்வொரு பாட்டும் யார் வாயிலிருந்து, எந்த வேலைக்கு நடுவே வந்தது என்பதோடு இருக்கிறது. நீங்கள் செய்யவேண்டியது இந்த இரண்டாவது மாதிரி வேலை.

சரி, பாட்டியை எப்படிப் பேசவைப்பது? நாற்காலி போட்டு, எதிரே மைக் வைத்து, ‘உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் எந்தக் கிழவியும் வாயைத் திறக்கமாட்டாள். கையில் வேலை கொடுங்கள். அந்தப் பக்கத்தில் பச்சை பீன்ஸை ஊசி நூலில் மாலை மாதிரி கோத்து அடுப்புப் பக்கம் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். காய்ந்து சுருங்கினால் அதற்கு ‘லெதர் பிரிட்சஸ்’ என்று பெயர், தோல் கால்சட்டையாம். ஒரு கூடை பீன்ஸ் வாங்கிக்கொண்டு போய் ‘எனக்குக் கோக்கச் சொல்லிக்கொடுங்கள் மேமா’ என்று முன்திண்ணையில் உட்காருங்கள். (பாட்டியை அந்தப் பக்கம் மேமா என்றுதானே கூப்பிடுகிறார்கள்? முதலில் கேள்விப்பட்டபோது நான் தாய்மாமன் என்று நினைத்துக் குழம்பினேன்.) ரெக்கார்டரை அவர் கண்ணெதிரே வைத்து, ஓடுகிறது என்று சொல்லிவிடுங்கள். ஒளித்துவைத்துப் பதிவது திருட்டு. கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். இதை யார் பாடிக் கேட்டீர்கள்? அவர் எங்கே உட்கார்ந்திருப்பார்? அப்போது வீட்டில் எத்தனை பேர்? எந்தப் பாட்டை உங்கள் அப்பா வீட்டுக்குள் பாடக் கூடாது என்றார்? கடைசிக் கேள்விக்குப் பதில் கட்டாயம் இருக்கும். ஃபிடிலைப் பிசாசின் பெட்டி என்று ஒதுக்கிவைத்த தேவாலயங்கள் அந்த மலையில் நிறைய இருந்தன.

இன்னொன்று. சுரங்க வேலை குறைந்த காலத்தில் மலைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஒஹையோ, மிச்சிகன் தொழிற்சாலைகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். உங்கள் கணவரின் உறவிலும் யாராவது டேட்டனிலோ டெட்ராய்ட்டிலோ இருப்பார்கள். தாத்தா அவர்களுக்கு ஃபிடில் வாசித்துக் கேசட் அனுப்பியிருக்கலாம். ஒரு சுற்று போன் போட்டுப் பாருங்கள். 43 என்பது 50 ஆகக்கூடும்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். அதை முதலில் மச்சிலிருந்து இறக்குங்கள். கோடைச் சூடும் குளிர்கால ஈரமும் நாடாவுக்கு ஆகாது. ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பிலும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள், அதற்குப் பிறகு யாரும் தெரியாமல் அழித்துப் பதிய முடியாது. எங்கள் பாட்டி பாடிய தாலாட்டின் மேல் 15 வயதில் நான் சினிமாப் பாட்டைப் பதிந்தேன். அந்தப் பாட்டு இன்றைக்கும் எங்கும் கிடைக்கிறது. தாலாட்டு கிடைக்கவில்லை.

பிறகு நம்பர் போடுங்கள். உறையையும் லேபிளையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், தாத்தாவின் கையெழுத்தும் ஆவணம்தான். பழைய பிளேயரில் போட்டு ‘ஓடுதா பார்ப்போம்’ என்ற சோதனை வேண்டாம். நாடாவை அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சு உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், விழுந்திருந்தால் ஒலி மங்கும். நல்ல பிளேயரின் ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் வேவ் கோப்பாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி பிடிக்கும், பெட்டி முழுவதும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்கில் அடங்கிவிடும். எம்பி3 கேட்பதற்கு மட்டும். நாடா கீச்சிட்டாலோ ஒட்டிக்கொண்டாலோ உடனே நிறுத்திவிட்டு, அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

உங்கள் கொழுந்தனாருக்கு இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்யக் கை பரபரக்கும். பிரதியில் செய்துகொள்ளட்டும், மூலத்தைத் தொடக் கூடாது. கம்பிக்கதவு சாத்தும் சத்தம், நாய், சுவர்க் கடிகாரம், ‘இன்னொரு தடவை வாசி’ என்று பின்னாலிருந்து வரும் பெண்குரல் எல்லாமே அந்த வீடுதான். அந்தக் குரல் யாருடையது என்று சொல்ல இன்று மேமா இருக்கிறார். அவரோடு சேர்ந்து கேட்டு, அவர் சொல்வதையும் பதியுங்கள்.

ஃபிடிலைப் பழுதுபார்க்கக் கொடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அசைத்தால் உள்ளே கலகலவென்று ஏதாவது உருண்டால் குப்பை என்று தட்டிவிடச் சொல்லாதீர்கள். ராட்டில்ஸ்நேக் என்கிற பாம்பின் வால் கிலுகிலுப்பையை ஃபிடிலுக்குள் போட்டுவைப்பது மலைக்காரர் வழக்கம். ஈரம் அண்டாது, எலி வராது, நாதம் கூடும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதோடு, தந்திகளைத் தாத்தா எப்படிச் சுருதி கூட்டினார் என்பதையும் கேசட்டிலிருந்து கண்டுபிடித்துக் குறித்துவையுங்கள். செவ்வியல் வயலின் மாதிரியே கூட்டியிருக்கவேண்டும் என்பதில்லை, மெட்டுக்கு மெட்டு மாற்றுவார்கள்.

மாமியார் விஷயத்தில் நான் அவர் பக்கம். ஒரு கதை சொல்கிறேன். வட கரோலினா மலையில் ஃப்ராங்க் ப்ராஃபிட் என்ற விவசாயி, தன் குடும்பத்தில் வழிவழியாக வந்த ‘டாம் டூலி’ என்ற பாட்டை 1938இல் பாட்டு சேகரிக்க வந்தவருக்குப் பாடிக் கொடுத்தார். 1860களில் பக்கத்து மாவட்டத்தில் நடந்த நிஜக் கொலையைப் பற்றிய பாட்டு அது. 20 வருடம் கழித்து, 1958இல், கோடுபோட்ட சட்டை போட்ட மூன்று இளைஞர்கள் அதைப் பாடி நாடு முழுக்க முதலிடத்தில் ஓடியது. ப்ராஃபிட் தன் வீட்டுப் பாட்டை டிவியில் கேட்டார். உங்கள் மாமியாருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். பயம் அதேதான். அதோடு 43 கேசட்டில் எதில் யார் குடித்துவிட்டு யாரைத் திட்டியிருக்கிறார் என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

அதனால் யூட்யூப் இப்போதைக்கு வேண்டாம். எல்லாம் பதிவானபின் குடும்பத்தார் உட்கார்ந்து கேட்டு, எது வெளியே போகலாம், எது வீட்டுக்கு மட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு ‘கூடாது’ என்று சொல்லும் அதிகாரம் இருக்கட்டும். அந்த அதிகாரம் கையில் இருந்தால் பாதிக்கு மேல் அவரே சரி என்பார், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆனால் வீட்டோடு இருக்கட்டும் என்பதை, ஒரே வீட்டில் இருக்கட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022 ஜூலையில் கிழக்குக் கென்டக்கியில் வெள்ளம் வந்தபோது, ஒயிட்ஸ்பர்க் ஊரில் 1969 முதல் மலை மக்களின் படங்களையும் ஒலிகளையும் சேர்த்துவந்த ஆப்பல்ஷாப்பின் ஆவணக்கூடமே சேற்றில் ஊறியது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் என்ன செய்தது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிரதி ஒன்று உங்களிடம், ஒன்று ஒஹையோ உறவினரிடம் இருக்கட்டும். மூன்றாவதை வர்ஜீனியாவிலேயே ஃபெரம் கல்லூரியில் இருக்கும் ப்ளூ ரிட்ஜ் நிலையத்திலோ, டென்னசியில் ஜான்சன் சிட்டியிலுள்ள கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் அப்பலாச்சிய ஆவணக்காப்பகத்திலோ கேட்டுப் பாருங்கள். இன்ன ஒலிநாடாவை இன்ன காலம்வரை வெளியிடக் கூடாது என்று எழுதிக்கொடுக்க வழி உண்டா என்று கையெழுத்துப் போடுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். ‘அவ்வளவுதான்’ என்று நீங்கள் தள்ளிவிட்ட இடத்தில்தான் எனக்கு ஆசை பிறந்தது. வட கரோலினாவின் மேடிசன் மாவட்டத்தில் கதைப்பாட்டு சொல்லிக்கொடுக்கும் முறைக்கு ‘முழங்காலோடு முழங்கால்’ என்று பேர். பெரியவரும் குழந்தையும் எதிரெதிரே உட்காருவார்கள். பெரியவர் ஒரு வரி பாட, குழந்தை அதைத் திருப்பிப் பாடும். வாத்தியம் கிடையாது, காகிதம் கிடையாது. அந்தப் பாட்டுகளை அங்கே ‘காதல் பாட்டு’ என்கிறார்கள், பாதிப் பாட்டில் யாராவது செத்துப்போகிறார்கள் என்பது வேறு விஷயம். வரி முடியும் இடத்தில் குரல் சட்டென்று மேலே எகிறி அறுந்துவிடும். அதை எந்த நோட்டேஷனிலும் எழுத முடியாது, காதால்தான் பிடிக்கவேண்டும். டீச்சர் பாட, கேட்டு, அப்படியே திருப்பிப் பாடிப் பழகிய பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது?

மே மாத ஞாயிறு ஒன்றில் குடும்பக் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைத்து, அங்கேயே எல்லோரும் சாப்பிடும் டெக்கரேஷன் நாளுக்குக் கணவர் வீட்டார் கூடுவார்களே, அதற்கு முதல் நாளே போய்விடுங்கள். கேசட்டில் பேப்பா (தாத்தாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பாடிய ஒரு பாட்டின் முதல் இரண்டு வரியை மகள் கற்றுக்கொண்டு வரட்டும். மேமா ‘குரல் போச்சு’ என்பார். சரி என்று விட்டுவிட்டு, திண்ணையில் அவர் காதில் விழும்படி மகளைப் பாடச் சொல்லுங்கள், ஒரு சொல்லை வேண்டுமென்றே தப்பாக. திருத்தாமல் அவரால் இருக்க முடியாது.